'பாதையேற்றம்': ஒரு சொல் பரிந்துரை

நண்பர்களே, வணக்கம்.

2025 ஜனவரி 29 காலை 6.23 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வி எஃப்15 கிளம்பியது. அங்கிருந்து பறந்த 100-வது ராக்கெட் அது. சுமார் 19 நிமிடங்களில், இடம், வழி காட்டும் இந்தியச் செயற்கைக்கோள் தொகுதியான நாவிக்குக்கான என்விஎஸ்-02 செயற்கைக்கோளை விண்ணில் விட்டது. "சுற்றுப்பாதையில் வெற்றிகரமாக நிலைநிறுத்தப்பட்டது" என்று செய்தி வந்தது. சில நாளிலேயே, உரிய பாதைக்கு அதைக் கொண்டுபோக முடியவில்லை என்று இன்னொரு செய்தி. பக்கத்து வீட்டில் பத்தாவது படிக்கும் பெண் கேட்டாள்: "நிறுத்தியாச்சுன்னா, அப்புறம் எங்கண்ணா போகணும்?"

அவள் கேட்டது சரி. இரண்டு வேறு வேலைகளுக்கு நாம் 'நிலைநிறுத்தல்' என்ற ஒரே சொல்லை எழுதிவருகிறோம். ராக்கெட் கொண்டுபோய் விட்ட பாதை நீள்வட்டம்: பூமிக்கு மிக அருகில் வரும் அண்மைநிலை சுமார் 170 கி.மீ., மிகத் தொலைவில் போகும் சேய்மைநிலை 36,500 கி.மீ.க்கும் மேல். அங்கிருந்து செயற்கைக்கோள் தன் சொந்த எஞ்சினை இயக்கித்தான் மேலே போகவேண்டும். சேய்மைநிலைக்கு வரும்போது எஞ்சினை எரித்தால், எதிர்முனையான அண்மைநிலை உயரும். இப்படிச் சில முறை செய்தால் பாதை ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் வட்டமாகிவிடும். எஞ்சினின் விசை 440 நியூட்டன். நம் ஊர் சிமென்ட் மூட்டை ஒன்றைத் தரையிலிருந்து தூக்கக்கூட அது போதாது. அதை வைத்துக்கொண்டு 2,250 கிலோ கோளைப் பொறுமையாக நகர்த்துகிறார்கள்! என்விஎஸ்-02இல், எரிபொருள் எரியத் தேவையான ஆக்சிஜனேற்றியை எஞ்சினுக்குள் விடவேண்டிய வால்வு திறக்கவில்லை. எஞ்சின் எரியவில்லை, பாதை உயரவில்லை.

இப்படிப் பாதையை உயர்த்தும் வேலைக்குத்தான் (orbit raising) 'பாதையேற்றம்' என்று சொல்லலாம் என்கிறேன். விலையை ஏற்றினால் விலையேற்றம், பாதையை ஏற்றினால் பாதையேற்றம். அரங்கேற்றம் போல, உரிய பாதையில் ஏறுவது என்று ஒருவர் புரிந்துகொண்டாலும் பொருள் கெடாது. 'சுற்றுப்பாதை உயர்த்தும் பணி' என்று எழுதுவதில் பிழையில்லை, ஆனால் அது விளக்கம், தலைப்பில் அடங்காது.

ராக்கெட் விட்டுச்செல்லும் அந்த நீள்வட்டத்துக்கு (transfer orbit) நம் குழுவின் முந்தைய மடலில் ஒருவர் 'மாற்றுப்பாதை' என்றார். சாலையில் பள்ளம் தோண்டினால் போலீசார் வைக்கும் பலகைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. 'பரிமாற்றப் பாதை' என்றால் எதையோ கொடுத்து வாங்குவது போலிருக்கிறது. 'இடைப்பாதை' போதும் என்பது என் கருத்து. ராக்கெட் செய்வது 'விடுவிப்பு'. 'நிலைநிறுத்தல்' என்பதைக் கோள் தன் கடைசி இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு மட்டும் எழுதுவோம்.

பழைய ஏவல்களில் பொருத்திப் பார்த்தேன். 2017 ஆகஸ்ட் 31 அன்று பிஎஸ்எல்வி சி39 ராக்கெட்டின் முனையை மூடியிருந்த வெப்பக்கவசம் பிரியாததால் ஐஆர்என்எஸ்எஸ்-1எச் செயற்கைக்கோள் உள்ளேயே சிக்கிக்கொண்டது: விடுவிப்பு நடக்கவில்லை. 2023 மே 29 அன்று போன என்விஎஸ்-01: விடுவிப்பு, பாதையேற்றம், நிலைநிறுத்தல் மூன்றும் நடந்தன. என்விஎஸ்-02: விடுவிப்பு நடந்தது, பாதையேற்றம் நடக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு இப்படிச் சொன்னதும் உடனே புரிந்தது.

'விடுவிப்பு' மட்டும் எனக்கு இன்னும் நிறைவாக இல்லை, சிறைவாசம் நினைவுக்கு வருகிறது. பேருந்து நம்மை 'இறக்கிவிடுவது' போன்ற ஒரு சொல் வேண்டும், ஆனால் கோள் கீழே இறங்குவதாகத் தோன்றக்கூடாது. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.