தண்டப்பணத்தை ஒரேயடியாகக் கட்ட முடியாதவர் நீதிமன்றத்தில் என்ன கேட்கலாம்?

கோண்டாவில் சகோதரி:
வணக்கம். என் தம்பி மேசன் வேலை செய்பவர். மாரி தொடங்கினால் வேலை கிடைப்பது அரிது. சாரதி அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டியதற்காக யாழ்ப்பாண நீதவான் நீதிமன்றத்தில் அவர் மீது வழக்கு உள்ளது. குற்றத்தை ஏற்கவே எண்ணியிருக்கிறார். ஆனால் தண்டப்பணம் 50,000 ரூபாவுக்குக் குறையாது என்கிறார்கள். என் தாலிக்கொடியை அடகு வைப்பதைத் தவிர வேறு வழி உண்டா? கட்டாவிட்டால் மறியலுக்கு (சிறைக்கு) அனுப்பிவிடுவார்களா?

சட்டம் படிப்பவன்:
அக்கா, அடகுக் கடைக்குப் போக அவசரப்பட வேண்டாம். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, தண்டப்பணத்தைக் கட்டக் கால அவகாசம் அளிக்கவும், தவணைமுறையில் செலுத்த அனுமதிக்கவும் நீதவானுக்கு அதிகாரம் உண்டு. சட்டம் ஆகக்குறைந்த தொகையை விதித்திருக்கும் குற்றங்களில் அதற்குக் கீழே இறங்க அவரால் இயலாது. ஆகவே தொகையைக் குறைக்கும்படி மன்றாடுவதைவிட, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று திட்டமாகச் சொல்வதே பயன் தரும். தீர்ப்புச் சொல்லப்படும் அந்த நேரத்திலேயே கேட்க வேண்டும். பேசாமல் நின்றால், கட்டத் தவறியதற்கான சிறைத்தண்டனை அன்றே நடைமுறைக்கு வரக்கூடும். இலங்கைச் சிறைகளில் தண்டனைக் கைதிகளாக அடைக்கப்படுவோரில் பெரும்பகுதியினர் இப்படித் தண்டப்பணம் கட்ட வழியில்லாதவர்களே என்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

ஓய்வுபெற்ற கிராம அலுவலர்:
தங்கச்சி, தம்பியின் கிராம அலுவலரிடம் ஒரு கடிதம் பெற்று, பிரதேச செயலாளரின் மேலொப்பத்தையும் வாங்கி வையுங்கள். 'இவர் வறியவர்' என்ற ஒற்றை வரி போதாது. நாட்கூலி எவ்வளவு, மாதத்தில் எத்தனை நாள் வேலை, அவரை நம்பி வீட்டில் எத்தனை பேர், அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு கிடைக்கிறதா என்பவை எல்லாம் அதில் இருக்கட்டும். தாய் தகப்பனுக்கு ஆஸ்பத்திரிக் கிளினிக் கொப்பி இருந்தால் அதன் பிரதியையும் இணையுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லையெனில் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தை நாடுங்கள். வழக்குத் தவணைக்கு முதல்நாள் ஓடாமல் முன்கூட்டியே போங்கள்.

சட்டம் படிப்பவன்:
ஐயா சொன்னதோடு இன்னும் ஒன்று. ஒருவேளை மறியலுக்கே போக நேர்ந்தாலும், பணம் கட்டியவுடன் அவரை விடுவிக்க வேண்டும். ஒரு பகுதியைக் கட்டினால் அந்த அளவுக்கு நாட்கள் குறையும். சிறைக்குப் பதிலாகச் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளையை (சிறைக்கு வெளியே இருந்தபடி சமூகப்பணி போன்றவற்றைச் செய்யச் சொல்லும் கட்டளை) கேட்கவும் 1999 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது; தம்பியின் வழக்கு அதற்குள் அடங்குமா என்பதைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். தண்டனையை எதிர்த்து மேன்முறையீடு செய்வதானால் 14 நாட்களே உள்ளன.

கோண்டாவில் சகோதரி:
இருவருக்கும் மிக்க நன்றி. திங்கட்கிழமை காலையில் கிராம அலுவலரிடம் தம்பியை அழைத்துச் செல்கிறேன்.