கேஸ்கட் நாளை வருமாம்

குழு: பெரிய வீட்டு உறவுகள்

சாந்தி மதினி (காலை 10:42): ஞாயிற்றுக்கிழமை மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு யாராவது ஐந்து லிட்டர் குக்கர் தர முடியுமா? எங்கள் குக்கர் ஓரமெல்லாம் ஆவி விடுகிறது.

நான்: கேஸ்கட் மாற்றினால் போதுமே மதினி.

சாந்தி மதினி: அந்தக் கேஸ்கட்டைத்தான் போன வாரத்திலிருந்து தேடுகிறேன் தம்பி. ரத வீதியில் நாம் வழக்கமாகப் போகும் பாத்திரக் கடையில் "நாளை வந்துவிடும் அக்கா" என்றார்கள். மறுநாள் போனால் "லோடு இன்னும் இறங்கவில்லை". அடுத்த முறை கல்லாவில் வேறு ஆள். நான் சொல்லி வைத்ததே அவருக்குத் தெரியாது.

பெரியம்மா: பழையதைக் கையோடு கொண்டுபோனாயா?

சாந்தி மதினி: கொண்டுபோனேன் பெரியத்தை. அதை வாங்கி இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார், மோந்துகூடப் பார்த்தார். பின்னால் ஆணியில் ஒரு கொத்துக் கேஸ்கட் தொங்குகிறது. எல்லாம் வேறு கம்பெனி. அதில் ஒன்றை உருவி, "இதைப் போட்டுப் பாருங்கள், கொஞ்சம் இழுத்துவிட்டால் உட்கார்ந்துவிடும்" என்கிறார். மனிதருக்குச் சிரிப்பு வேறு.

நான்: அப்படிப் போட்டுவிடாதீர்கள் மதினி. சேராத கேஸ்கட் என்றால் அழுத்தமே ஏறாது. விசில் வராமலேயே தண்ணீர் வற்றி அடிப்பிடிக்கும். பிறகு சேஃப்டி வால்வு உருகிவிட்டது என்று அதற்கும் கடை ஏற வேண்டும்.

சென்னை அக்கா: ஆன்லைனில் போட்டுப் பார்த்தாயா மதினி? நான் ஒருமுறை வாங்கினேன். அளவு மாறி வந்தது. திருப்பி அனுப்பிவிட்டுச் சரியானதைத் தேடினால் "கையிருப்பில் இல்லை" என்று வந்தது. ஒன்று சொல்ல வேண்டும், இல்லை என்றால் இல்லை என்று அது முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறது.

சாந்தி மதினி: அதைத்தான் நானும் கேட்கிறேன்! கடையில் பொருள் இல்லாதது குற்றம் இல்லை. "இல்லை, வராது" என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே பாளை மார்க்கெட் பக்கம் போயிருப்பேன். "நாளை, நாளை" என்று சொல்லி ஆட்டோவுக்கு அழ வைத்துவிட்டார்கள்.

பெரியம்மா: எனக்கு மருந்துக் கடையில் இதே கதை. ஒரு மாதத்துக்கு எழுதிய பிரஷர் மாத்திரையில் ஐந்தைக் கத்தரித்துக் கொடுத்துவிட்டு, மீதி நாளை என்றான். கேஸ்கட் இல்லாவிட்டால் சட்டியில் சமைக்கலாம். மாத்திரைக்கு என்ன செய்வது?

சென்னை அக்கா: வேறு கம்பெனி மாத்திரை தருகிறேன் என்றால் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள் பெரியம்மா.

சித்தப்பா (மதியம் 1:15): இப்போதுதான் எல்லாவற்றையும் வாசித்தேன். கடைக்காரனாக இருந்தவன் என்கிற முறையில் ஒரு வார்த்தை.

சித்தப்பா: கேஸ்கட்டில் கம்பெனிக்கு ஓர் அளவு. ஒரே கம்பெனியிலும் பழைய மாடலுக்கு ஒன்று, புதிய மாடலுக்கு ஒன்று. ஒற்றை ஒற்றையாக எவனும் தர மாட்டான், டஜன் கணக்கில்தான் எடுக்க வேண்டும். மாதம் ஒன்று விற்கும் அளவுக்கு ஒரு டஜன் எடுத்தால், கடைசி நான்கு ஆணியிலேயே விறைத்துப்போகும். அந்தப் பணத்துக்குத் தட்டு, தம்ளர் வாங்கிப் போட்டால் கல்யாண மாதத்தில் ஓடிவிடும்.

சாந்தி மதினி: சரி மாமா, எடுக்கவில்லை. அதைச் சொல்லலாம் அல்லவா?

சித்தப்பா: சொன்னால் நீ அடுத்த கடைக்குப் போவாய். கேஸ்கட்டோடு நிற்பாயா? கரண்டியும் அங்கேயே வாங்குவாய். பிறகு அதுவே உன் கடையாகிவிடும். "நாளை" என்பது வாடிக்கையாளர் காலைக் கட்டிப் போடுகிற சொல். நானும் சொல்லியிருக்கிறேன். இன்னொன்றும் உண்டு, வெளியே யாரும் சொல்ல மாட்டார்கள். பழைய பில் பாக்கி நின்றால் ஏஜென்சிக்காரர் சரக்கை நிறுத்திவிடுவார். அதைக் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு உன்னிடம் சொல்ல முடியுமா?

ராமு: அப்பா, நீங்கள் யார் பக்கம்?

சித்தப்பா: சொல்லி வைத்துவிட்டு வேறு கடையில் வாங்கிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக வாங்கியது யார் தலையில் விடியும்?

சாந்தி மதினி: முன்பணம் வாங்கிக்கொள்ளட்டும். நான் தர மாட்டேன் என்றேனா? நம் கல்யாணத்துக்குப் பத்தமடையில் பாய் சொன்னோமே. பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், தேதி எல்லாம் வைத்து நெய்கிற பாய். "கோரையை ஆற்றில் ஊறப்போட்டுக் கீறி நெய்ய வேண்டும், அவசரம் என்றால் எங்களால் ஆகாது" என்று அந்த அம்மா எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டார். முன்பணம் கொடுத்தோம், சொன்ன நாளில் பாய் வந்தது. ஒரு குறையும் இல்லையே.

சித்தப்பா: அது நியாயம்தான்.

சாந்தி மதினி: வண்ணார்பேட்டைக் கடை கூத்தைக் கேளுங்கள். அங்கே சரியான கேஸ்கட் இருக்கிறது. தனியாகத் தர மாட்டார்களாம், வெயிட்டும் கைப்பிடியும் சேர்த்து வாங்கினால்தானாம். போங்கடா என்று வந்துவிட்டேன்.

ராமு: அது தவறு மதினி. வேண்டாத பொருளையும் வாங்கினால்தான் இதைத் தருவேன் என்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாங்குபவரைக் கட்டுப்படுத்தும் வணிகமுறை என்கிறது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் சொல்லலாம். தட்டுப்பாடு என்று உறையில் அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டாலும் சொல்லலாம்.

நான்: ரத வீதிக் கடையின்மேலும் சொல்லலாமா?

ராமு: நாளை வரும் என்று இழுத்தடித்ததற்கா? அதை வைத்து வழக்கு நிற்காது அண்ணா.

பெரியம்மா: வழக்கெல்லாம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தேங்காய்ப்பால் சொதிதானே?

சாந்தி மதினி: ஆமாம் பெரியத்தை.

பெரியம்மா: சொதிக்குப் போடுவது பாசிப்பருப்பு. அதற்குக் குக்கர் எதற்கு? லேசாக வறுத்து வெண்கலப் பானையில் போட்டால் காய் நறுக்கி முடிப்பதற்குள் வெந்துவிடும். குக்கரில் குழைந்து கூழாகிவிடும்.

சாந்தி மதினி: 🙄

சித்தப்பா (மாலை 6:20): மொத்தக் கடையில் தெரிந்தவரிடம் பேசினேன். உன் அளவு மதுரையிலிருந்து வர வேண்டுமாம். திங்கட்கிழமைக்கு முன்னால் கிடையவே கிடையாது என்று அடித்துச் சொல்லிவிட்டார். வந்தால் ஒன்று எடுத்து வைப்பார்.

சாந்தி மதினி: அவருக்கு நன்றி சொல்லுங்கள் மாமா. பணத்தை இன்றே அனுப்பிவிடுகிறேன். பெரியத்தை, உங்கள் பானையை எடுத்துக்கொள்கிறேன். தேங்காயும் இஞ்சியும் வேண்டும். சனிக்கிழமை மாலை மார்க்கெட்டுக்குப் போவது யார்?

அண்ணன்: நான் போகிறேன்.

சாந்தி மதினி: முருங்கைக்காய் பிஞ்சாகப் பார்த்து வாங்குங்கள்.