மாடு வைத்திருப்பவர்களைத் தண்ணீர் மிச்சம் பிடிக்க வைப்பது எப்படி?

பால்சங்கத்துக்காரி (வாழப்பாடி பக்கம்):
எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் நான் செயலாளர். பங்குனி பிறந்தால் போர்வெல்கள் காற்றைத்தான் கக்குகின்றன. ஆனாலும் கட்டுத்தரையில் ஓஸைத் திறந்து போட்டுவிட்டு டீக்கடைக்குப் போகிறவர்கள் குறையவில்லை. ராத்திரியில் மும்முனை மின்சாரம் வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டர் தானே மோட்டாரைப் போட்டுவிடுகிறது. விடிந்து பார்த்தால் தொட்டி வழிந்து, மாடு குளம்பு மூழ்கச் சேற்றில் நிற்கிறது. கேட்டால், "என் போர், இலவச மின்சாரம், உனக்கென்ன?" என்கிறார்கள். சங்கச் சுவரில் வாசகம் எழுதி வைத்தேன். அதன் மேலேயே சந்தை நோட்டீஸை ஒட்டிவிட்டார்கள். என்ன சொன்னால் கேட்பார்கள்?

அடிவாரத்தான் (ஏற்காடு அடிவாரம்):
தங்கச்சி, நீங்கள் ஓஸைப் பார்க்கிறீர்கள். தண்ணீர் போகிற இடம் புல்லுக்காடு. கோ-4 என்கிற தீவனப் புல்லுக்கு மடை திறந்து மூன்று விரல் உயரம், அதாவது 5 செ.மீ. நிறுத்தினால் ஒரு சென்ட்டுக்கு 2,000 லிட்டர். 20 சென்ட் புல்லுக்கு ஒரு பாய்ச்சலில் 40,000 லிட்டர். நாளுக்கு 60 லிட்டர் குடிக்கிற மாடு இரண்டு, பதினோரு மாதம் குடிக்கும் தண்ணீர் அது.

நீங்கள் "மிச்சம் பிடி" என்றதும் அவர்களுக்கு மாட்டுத் தொட்டிதான் நினைவுக்கு வரும். பாலில் 87 சதவீதம் தண்ணீர். மாடு குடிப்பது குறைந்தால் கறவையும் குறையும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் காதிலேயே வாங்குவதில்லை. "மாட்டுக்கு வயிறு நிறையத் தண்ணீர் காட்டுங்கள், புல்லுக்கு அளந்து விடுங்கள்" என்று ஆரம்பியுங்கள்.

பாத்தியை மாற்றிப் பார் (வரிசையாக மண்மேடும் இடையே பள்ளமும்) போட்டு, ஒரு பார் விட்டு ஒரு பார் பாய்ச்சலாம். மாடு தின்னாமல் கழித்துப் போட்ட சோளத்தட்டைச் சாணியும் மூத்திரமும் ஊறிய ஈரத்தோடு பார் இடுக்கில் பரப்பினால் மண் சீக்கிரம் காயாது.

மின்சாரம் இலவசம்தான். ஆனால் தண்ணீரில்லாமல் மோட்டார் ஓடி, உள்ளே இருக்கிற காயில் (கம்பிச் சுருள்) கருகினால் அதைக் கட்டுகிறவரும், ஆயிரம் அடிப் போரிலிருந்து குழாயை ஏற்றி இறக்குகிறவர்களும் இலவசமாக வருவார்களா? கூட்டத்தில் அந்த பில்லைக் காட்டுங்கள். ஊர் நன்மை, பேரப்பிள்ளைகள் காலம் என்று பேசினால் கொட்டாவிதான் விடுவார்கள்.

இன்னொன்று, கட்டுத்தரை கழுவுவது யார்? வீட்டுப் பெண்கள். நீங்களோ ஆண்களைக் கூட்டி வைத்துப் பேசுகிறீர்கள்! சாணியை வழித்து எடுத்து, தரையைக் கூட்டிவிட்டு, பிறகு ஒரு வாளி ஊற்றினால் போதும் என்பது அவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். கழுவிய தண்ணீர் வாய்க்கால் வழியாகப் புல்லுக்கே போகட்டும்.

மேச்சேரி ஆட்டுக்காரன்:
அண்ணன் சொல்வது சரி. ஆனால் எல்லோரும் ஏன் கோ-4 புல்லையே கட்டிக்கொண்டு அழ வேண்டும்? மானாவாரிக் காட்டில் கொழுக்கட்டைப்புல், வரப்பில் தழைக்குச் சவுண்டல் மரமும் அகத்தியும் வைத்தால் போர் பாதி ஓய்வெடுக்கும். எங்கள் மேச்சேரி ஆடுகள் மேய்வது அதில்தான்.

ஓர் எச்சரிக்கை: தண்ணீரைக் குறைக்கிறேன் என்று இளஞ்சோளத்தை வாடவிட்டு மாட்டுக்குப் போடாதீர்கள். வாடிய இளம்பயிரில் விஷம் ஏறும், மாடு செத்துவிடும். பூ விட்ட பிறகு அறுங்கள்.

பால்சங்கத்துக்காரி:
பில் யோசனை பிடித்திருக்கிறது. போன கோடையில் கருகிய மோட்டாரின் சொந்தக்காரரே எங்கள் நிர்வாகக் குழுவில் இருக்கிறார், அவரையே பேச வைக்கிறேன். ஆனால் ஒரு பார் விட்டுப் பாய்ச்சினால் புல் தடித்து, மாடு தண்டை ஒதுக்கும் என்று சொல்வார்களே?

அடிவாரத்தான்:
புல் தடிப்பது பெரும்பாலும் அறுப்பு தள்ளிப்போவதால். முதல் அறுப்பை 75 நாளிலும், அதன் பிறகு 45 நாளுக்கு ஒரு முறையும் எடுக்கச் சொல்லுங்கள். தண்டு மிஞ்சினால் நறுக்கிப் போடட்டும்.