கவுன்சிலர் தேர்தலில் கட்சிச் சின்னம் எதற்கு?

பூட்டுசாவி:

கிராம ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. ஊராட்சி வார்டு உறுப்பினருக்கும் கிடையாது. அதே தமிழ்நாட்டில் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்றால் கட்சிச் சின்னம் வந்துவிடுகிறது. தெருவிளக்கு எரியவும் குப்பை வண்டி நேரத்துக்கு வரவும் எந்தக் கட்சியின் கொள்கை தேவைப்படுகிறது? நகர வார்டுகளிலும் கட்சிச் சின்னத்தை எடுத்துவிட வேண்டும் என்கிறேன்.

2022 இல் நான் சுயேச்சையாக நின்றவன். மனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள் பிப்ரவரி 7. அதன் பிறகுதான் எனக்குச் சின்னம் ஒதுக்கினார்கள், பூட்டு சாவி. 17 ஆம் தேதியோடு பிரசாரம் முடிந்தது. பத்து நாளில் ஒரு வார்டு முழுக்க அந்தப் படத்தை மனதில் பதிய வைக்க வேண்டும். எதிரே நின்றவர்களின் சின்னங்களை மக்கள் விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்த்து வருகிறார்கள். வாக்குப்பதிவு அன்று, என்னை இருபது வருடமாகத் தெரிந்த ஓர் ஆயா சாவடியிலிருந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்குத்தான்யா குத்திட்டு வந்தேன்" என்று சின்னத்தின் பெயரையும் சொன்னார். அவர் சொன்னது என் சின்னம் இல்லை. அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை, நன்றி ஆயா என்று மட்டும் சொன்னேன்.

பாகம்112:

தம்பி, நீங்கள் தோற்றது எனக்கும் வருத்தம்தான். ஆனால் நீங்கள் கேட்பதை ஏற்க முடியாது.

22 வருடமாகப் பூத் ஏஜென்ட்டாக உட்காருகிறேன், சென்னையில். எங்கள் பாகத்தில் எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, யார் இறந்துவிட்டார், யார் குடிமாறிப் போனார் என்று எல்லாம் தெரியும். இதை நான் சம்பளத்துக்குச் செய்யவில்லை. கட்சி இருப்பதால்தான் என்னைப் போன்ற ஒருத்தி, தையல் மெஷின் வைத்துப் பிழைப்பவள், மண்டல அலுவலகத்துக்குள் போய் உதவிப் பொறியாளர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார முடிகிறது.

ஒரு மழை நாளைச் சொல்கிறேன். இரவு இரண்டு மணி. எங்கள் தெருவில் கழிவுநீர் பின்வாங்கி வீட்டுக்குள் வந்துவிட்டது. ஒரு வீட்டில் பிறந்து பதினைந்து நாளான குழந்தை. சென்னையில் கழிவுநீர் மாநகராட்சியின் வேலை இல்லை, 1978 இல் அமைத்த குடிநீர் வாரியத்தின் வேலை. கவுன்சிலர் ஆணையிட்டால் வாரியத்து லாரி வரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நான் எங்கள் கட்சியின் வட்டச் செயலாளரை எழுப்பினேன். அவர் பகுதிச் செயலாளரை எழுப்பினார். அவர் யாரைப் பிடித்தாரோ, நாலு மணிக்கு லாரி வந்து உறிஞ்ச ஆரம்பித்தது. தனியாக நின்று ஜெயித்த கவுன்சிலர் அந்த நேரத்தில் யாரை எழுப்புவார்?

பூட்டுசாவி:

அக்கா, நீங்கள் அன்று செய்ததைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே இரவில் பக்கத்துத் தெருவுக்கும் லாரி வந்ததா? அங்கே வட்டச் செயலாளரைத் தெரிந்தவர் யாராவது இருந்தார்களா? உரிமையாக வரவேண்டியது, தெரிந்தவர் மூலம் வரும் உதவியாகிவிடுகிறது. உதவி வாங்கியவர் அடுத்த தேர்தலில் கடன்பட்டவராகிறார். என் வேதனை அதுதான்.

மன்றத்துக்குள் நடப்பதையும் பாருங்கள். மேயரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பதாகச் சட்டம் சொல்கிறது. உண்மையில் பெயர் தலைமையிலிருந்து வருகிறது. 2022 மார்ச் 4 அன்று நடந்த மறைமுகத் தேர்தலில், கூட்டணிக்கு ஒதுக்கிய பதவிகளில் ஆளுங்கட்சிக்காரர்களே பல ஊர்களில் நின்று ஜெயித்தார்கள். முதலமைச்சர் அவர்களைப் பதவி விலகச் சொன்னார். 2024 ஜூலையில் கோவை மேயரும் நெல்லை மேயரும் பதவி விலகினார்கள். அவர்கள் இருக்க வேண்டுமா போக வேண்டுமா என்று அந்த ஊர் வாக்காளரை யாரும் கேட்கவில்லை.

பழைய_குமாஸ்தா:

நகராட்சி அலுவலகத்தில் மன்றப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மன்ற நடவடிக்கைக் குறிப்பு எழுதுவதுதான் என் வேலை.

2011 அக்டோபரில் தேர்ந்தெடுத்த மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அப்போது அறிவித்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19. நடுவில் ஐந்து வருடத்துக்கு மேல், மன்றத்துக்குப் பதிலாகத் தனி அலுவலர் ஆட்சி. காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் 1993 முதல் எழுதி வைத்திருக்கிறது. எங்கள் ஊரில் ஆணையர்தான் தனி அலுவலர். ஒரு சாலைப் பணிக்கான கோப்பு என்றால், "மன்றத்தின் ஒப்புதல் கோரப்படுகிறது" என்று ஆணையர் கையெழுத்துப் போடுவார். அடுத்த பக்கத்தில் "அனுமதிக்கப்பட்டது" என்று தனி அலுவலர் கையெழுத்துப் போடுவார். இரண்டும் ஒரே கை, ஒரே பேனா, பல நாள் ஒரே மணித்துளி. அந்தப் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் எனக்குள் ஏதோ கூசும்.

கட்சி இருந்தால்தான் வேலை நடக்கும் என்று அந்த அம்மா சொல்கிறார்கள். அந்த ஐந்து வருடத்தில் எந்தக் கட்சி தெருவுக்கு வந்து தேர்தல் கேட்டு உட்கார்ந்தது? வழக்குப் போட்டார்கள், பதில் வழக்குப் போட்டார்கள். யாருக்கும் அவசரம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பாகம்112:

ஐயா, அந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். எந்தக் கட்சியும் அதில் சுத்தம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் சின்னத்தை எடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கிராமங்களே சாட்சி. தலைவர் பதவியை ஏலம் விட்டார்கள் என்று ஒவ்வொரு ஊராட்சித் தேர்தலிலும் செய்தி வருகிறதே, அங்கே எந்தக் கட்சிச் சின்னம் இருந்தது? மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு என்று ஒதுக்கியதால் 1996 லிருந்து பத்து வருடம் தேர்தலை நடக்கவிடவில்லை. 2006 இல்தான் முறையாக நடந்தது. அதே மாவட்டத்து மேலவளவில் ஊராட்சித் தலைவராக வந்த, பட்டியல் சாதியைச் சேர்ந்த முருகேசனை 1997 இல் வெட்டிக் கொன்றார்கள். சின்னம் இல்லாத இடத்தில் சாதியும் பணமும் இன்னும் வெளிப்படையாக உட்கார்ந்துகொள்கின்றன. நகரத்தில் சின்னத்தை எடுத்துவிட்டால் அங்கே வந்து உட்காரப் போவது உங்களைப் போன்ற நல்லவர் என்று எப்படி நம்புகிறீர்கள்? மனைப் பிரிவு போடுகிறவர் வருவார், தண்ணீர் லாரி வைத்திருப்பவர் வருவார்.

கட்சிக்காரர் தவறு செய்தால் அடுத்த தேர்தலில் அந்தச் சின்னத்தையே தோற்கடிக்கலாம். தனி ஆள் தவறு செய்தால் அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார்.

பூட்டுசாவி:

மேலவளவைச் சொன்ன பிறகு பதில் எழுதச் சற்று நேரம் எடுத்துக்கொண்டேன். சின்னத்தை எடுத்தால் சாதி போய்விடும் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் நகரத்தில் கட்சிகள் சாதி பார்க்காமலா வார்டுக்கு ஆள் நிறுத்துகின்றன? எந்தத் தெருவில் எந்தச் சமூகம் எத்தனை வீடு என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டுதானே நேர்காணல் நடக்கிறது?

மூணாவது_தெரு:

குறுக்கே வருகிறேன். நான் 2022 இல் ஓட்டுப் போடவே இல்லை. சனிக்கிழமை, வீட்டில்தான் இருந்தேன். மாநிலம் முழுக்கச் சுமார் 61 சதவீதம் பதிவானது, சென்னையில் 44ஐக்கூடத் தொடவில்லை. நான் அந்தப் போடாத கூட்டத்தில் ஒருத்தி. யார் வந்தாலும் ஒன்றுதான் என்று நினைத்தேன்.

போன வருடம் எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் மூடி உடைந்து, பக்கத்து வீட்டுப் பையன் காலை உள்ளே விட்டுவிட்டான். முழங்காலுக்குக் கீழே பதினோரு தையல். அப்போதுதான் முதல்முறையாக எங்கள் கவுன்சிலர் யார் என்று தேடிப் போனேன். பெண் கவுன்சிலர். வார்டு அலுவலகத்தில் அவர் பெயர்ப் பலகை இருந்தது, நாற்காலியில் அவர் கணவர் இருந்தார். "அவங்க வீட்ல இருக்காங்க, என்கிட்டே சொல்லுங்க" என்றார். பாதி இடங்களைப் பெண்களுக்கு என்று 2016 இல் சட்டம் போட்டார்கள், 21 மாநகராட்சிகளில் 11 மேயர் பதவி பெண்களுக்கு வந்தது என்று பெருமையாகப் படித்திருக்கிறேன். அந்த அறையில் நின்றபோது எனக்கு அழுகையே வந்தது. சின்னம் இருக்கட்டும், போகட்டும். ஓட்டுப் பெற்றவர் அந்த நாற்காலியில் உட்கார என்ன வழி?

பாகம்112:

உன் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன் கண்ணு. அந்த நோய் எங்களிடம் இருக்கிறது. பெண்களுக்கான வார்டு என்றதும் நிர்வாகியின் மனைவி பெயரைத்தான் எழுதுகிறார்கள். இருபது வருடம் தெருவில் நடந்தவளை விட்டுவிட்டு, சமையலறையிலிருந்து ஒரு பெண்ணை அவள் சம்மதம்கூடக் கேட்காமல் கூட்டி வந்து நிறுத்துகிறார்கள். 2022 இல் எங்கள் வார்டில் நடந்ததும் அதுதான். நான் மனு கொடுத்திருந்தேன். அதற்கு மேல் இங்கே எழுதவேண்டாம் என்று நினைக்கிறேன்.

பூட்டுசாவி:

அக்கா, இது எனக்குத் தெரியாது.

ஆனால் நீங்களே சொல்லுங்கள், கட்சிச் சின்னம் இல்லாத தேர்தலாக இருந்தால் நீங்கள் நின்றிருப்பீர்கள். ஜெயித்தும் இருப்பீர்கள்.

பாகம்112:

நின்றிருப்பேன். ஜெயித்திருப்பேனா என்பது வேறு. சென்னையில் ஒரு கவுன்சிலர் வேட்பாளர் 90,000 ரூபாய் வரைதான் செலவு செய்யலாம் என்று ஆணையம் வரம்பு வைத்தது. ஒரு வார்டுக்குச் சராசரி 30 ஆயிரம் வாக்காளர், தலைக்கு மூன்று ரூபாய். நடப்பது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு அந்த மூன்று ரூபாய்க்கே வழியில்லை. கட்சி என்றால் நோட்டீஸ் அடிக்க அச்சகத்தில் கடன் கிடைக்கும், ஆட்டோ கிடைக்கும், பூத்தில் உட்கார ஆள் கிடைக்கும். கட்சி எனக்கு சீட்டு கொடுக்கவில்லை என்பதற்காகக் கட்சியே வேண்டாம் என்று சொல்ல என் மனம் வரவில்லை.

பழைய_குமாஸ்தா:

ஜெயித்தவருக்கும் 2023 வரை மாதச் சம்பளம் என்று எதுவும் இல்லை. அந்த ஆண்டுதான் மாநகராட்சி உறுப்பினருக்கு மாதம் 10,000, நகராட்சிக்கு 5,000, பேரூராட்சிக்கு 2,500 என்று மதிப்பூதியம் வந்தது. பல லட்சம் செலவழித்தவர் அதைக் கொண்டா கணக்கை நேர் செய்வார்?

கேரளத்தைப் பாருங்கள். அங்கே கிராம வார்டு வரைக்கும் கட்சிச் சின்னம்தான். ஆனால் 1996 இல் மக்கள் திட்டம் என்று ஆரம்பித்து மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தார்கள். வார்டு மன்றத்தில் பேசினால் அது வேலையாக மாறும் என்று தெரிந்ததால் ஜனங்கள் வந்து பேசினார்கள். கிழக்கம்பலம் என்ற ஊரில் 2015 இல் ஒரு நிறுவனத்தின் ஆதரவோடு நின்ற அமைப்பு 19 வார்டில் 17ஐப் பிடித்தது. ஆக, கட்சிகளை ஒதுக்கினால் நிறுவனமும் வரலாம், அந்த அம்மா சொல்வது சரி. அதே நேரம் நம் ஊரில் மன்றத்துக்கு அதிகாரமே இல்லாமல் சின்னத்தைப் பற்றி மட்டும் சண்டை போடுகிறோம். அரசியல் சட்டத்தின் பன்னிரண்டாவது அட்டவணையில் நகர உள்ளாட்சிகளுக்கு என்று 18 பணிகள் இருக்கின்றன. முழுமையாக மன்றத்தின் கையில் இருப்பவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

மன்றக் கூட்டத்தில் அறுபதுக்கு மேற்பட்ட தீர்மானப் பொருள்களைப் பதினைந்து நிமிடத்தில் "அனைத்தும் நிறைவேற்றப்பட்டன" என்று நானே எழுதியிருக்கிறேன். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து 41 ஆவது பொருளைப் படிக்கச் சொன்னார். படிப்பதற்குள் தேசிய கீதம் ஆரம்பித்துவிட்டது.

பூட்டுசாவி:

சரி, ஒரு படி இறங்கி வருகிறேன். கவுன்சிலர் தேர்தலில் சின்னம் இருக்கட்டும். ஆனால் 2022 இல் விதி கொண்டு வந்த பகுதி சபா இருக்கிறதே, அதிலாவது கட்சி வேண்டாம். வார்டைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் வாக்காளர் எல்லோரும் கூடிப் பேசலாம் என்கிறார்கள். ஆனால் பகுதிப் பிரதிநிதியை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். அந்த ஓர் இடத்தில், அந்தப் பகுதி மக்களே கைதூக்கி ஓர் ஆளைச் சொல்லட்டும். இதற்காவது ஒத்துக்கொள்வீர்களா?

பாகம்112:

இதற்கு ஒத்துக்கொள்கிறேன். எங்கள் வார்டில் போட்ட பெயர்களைப் பார்த்தபோதே எனக்குச் சரியாகப் படவில்லை. எல்லாம் எங்கள் ஆட்கள். அதில் இரண்டு பேர் அந்தப் பகுதியில் குடியிருக்கவே இல்லை. கிளைக் கூட்டத்தில் நான் இதைக் கேட்கிறேன். என்ன பதில் வருகிறது என்று இங்கே வந்து எழுதுகிறேன், எனக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும்.

மூணாவது_தெரு:

இப்படி ஒரு கூட்டம் இருக்கிறது என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். எங்கள் பகுதியில் நடந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய_குமாஸ்தா:

தகவல் உரிமைச் சட்டத்தில் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள் அம்மா. கட்டணம் பத்து ரூபாய். "எங்கள் வார்டின் பகுதி சபாக்கள் கூடிய தேதிகள், நடவடிக்கைக் குறிப்பின் நகல், வருகைப் பதிவேட்டின் நகல்" என்று மூன்றையும் தனித்தனி வரியாகக் கேளுங்கள். காரணம் எழுதத் தேவையில்லை. முப்பது நாளில் பதில் தரவேண்டும்.

வடிகால் மூடிக்கு வேறு மனு, இதோடு கலக்காதீர்கள். இரண்டு படி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தபால் பிரிவு முத்திரையும் தேதியும் வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். எழுதியதும் இங்கே போடுங்கள், நான் திருத்தித் தருகிறேன்.

மூணாவது_தெரு:

இன்று இரவே எழுதுகிறேன் ஐயா. அந்த மூடி இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. மேலே ஒரு பழைய கதவுப் பலகையைப் போட்டு வைத்திருக்கிறோம்.