19 மாதம் ஆகியும் குழந்தை பிடித்து நிற்கவில்லை: பந்தலூரிலிருந்து ஊட்டி மையத்துக்கு அடிக்கடி போக முடியாத குடும்பத்துக்கு என்ன வழி?

கேட்பவர்: அங்கன்வாடி பணியாளர், பந்தலூர்

தேயிலை எஸ்டேட் லைனில் (தொழிலாளர் குடியிருப்பில்) ஒரு பையன். 34 வாரத்தில் பிறந்தவன், இப்போது 19 மாதம். நன்றாக உட்காருகிறான், புட்டத்தால் நகர்கிறான். தவழ்ந்ததே இல்லை. கட்டிலைப் பிடித்து எழுவதும் இல்லை. பேச்சு "அம்மா" ஒன்றுதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில சமயம் திரும்புவான், சில சமயம் இல்லை.

குழந்தைகளைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே. குழு வந்தபோது, ஊட்டியில் உள்ள மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்துக்கு (வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகளுக்குச் சோதனையும் பயிற்சியும் தரும் இடம்) பரிந்துரைச் சீட்டு கொடுத்தார்கள். அப்பா அம்மா இருவருக்கும் தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலை. ஒரு நாள் ஊட்டி போனால் இரண்டு கூலி போய்விடும். பாட்டியோ "இவன் அப்பனும் ரெண்டு வயசுலதான் நடந்தான்" என்கிறார். பொறுத்துப் பார்க்கலாமா? போவதானால் ஒரே பயணத்தில் எதையெல்லாம் முடிக்கலாம்? வீட்டில் என்ன செய்யச் சொல்வது?

பதில் 1: பிசியோதெரபிஸ்ட், கூடலூர்

டீச்சர், முதலில் வயதைத் திருத்திக்கொள்ளுங்கள். 40 வாரத்துக்கு 6 வாரம் குறைவு, ஆகவே இவனுக்குக் கணக்கு 17½ மாதம். இரண்டு வயது வரை இப்படித்தான் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவன அளவுப்படி தனியாக நடக்கக் கடைசி எல்லை 17.6 மாதம். அதனால் "இன்னும் நடக்கவில்லை" என்பதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் பிடித்து நிற்பதற்கான எல்லை 11.4 மாதம். அதைத் தாண்டி ஆறு மாதம் ஆகிவிட்டது. பார்க்க வேண்டியது இதைத்தான்.

பாட்டி சொல்வதில் பாதி சரி. புட்டத்தால் நகரும் குழந்தைகள் பலர் தாமதமாகத்தான் நடப்பார்கள், அது குடும்ப வழியாக வருவதும் உண்டு. ஆனால் பேச்சுத் தாமதமும் கூப்பிட்டால் திரும்பாததும் அந்தக் கணக்கில் சேராது. பொறுத்துப் பார்க்க வேண்டாம்.

மலையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தரை குளிர்கிறது என்று குழந்தையை எப்போதும் இடுப்பிலோ தொட்டிலிலோ வைத்திருக்கிறார்கள். இரண்டு சாக்கு, மேலே ஜமுக்காளம், ஓரத்தைக் கட்டிலின் காலுக்கு அடியில் சொருகினால் விலகாது. கம்பளி மட்டும் போட்டால் வழுக்கும். பயிற்சி நேரத்தில் சாக்ஸைக் கழற்றிவிடுங்கள், வெறுங்கால்தான் தரையைப் பிடிக்கும். இரண்டு பேண்ட் மாட்டியிருந்தால் இடுப்பு மடங்காது.

பயிற்சி: குழந்தையின் முழங்கால் உயரத்துக்கு ஒரு மனை அல்லது முக்காலி. பாதம் முழுதும் தரையில் படும்படி உட்கார வையுங்கள். எதிரே அவன் நெஞ்சு உயரத்தில் கட்டிலோ பெஞ்சோ இருக்கட்டும், அதன்மேல் அவனுக்குப் பிடித்த சாமான். நீங்கள் பின்னால் இருந்து இடுப்பைப் பிடித்து, லேசாக முன்னால் சாய்த்து எழவிடுங்கள். கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். அப்படித் தூக்கினால் கை மட்டும்தான் வேலை செய்யும், கால் நுனியில் நிற்கும். ஒரு தடவைக்கு 8 அல்லது 10 முறை, நாளில் நாலைந்து தடவை. குளிப்பாட்டும்போதும் உடை மாற்றும்போதும் செய்தால் தனியாக நேரம் தேட வேண்டாம். சாப்பிட்ட உடனே வேண்டாம். நிற்கப் பழகியதும் சாமானை ஒரு கை தூரம் பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். கட்டிலைப் பிடித்தபடி ஓரமாக அடியெடுப்பான்.

கால்கள் கத்தரிபோல் குறுக்கே போனாலோ, ஒரு கை எப்போதும் மூடியே இருந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் பயன்படுத்தினாலோ, உடம்பு துவண்டு கிடந்தாலோ, மையத்தில் பார்க்காமல் இதைத் தொடங்க வேண்டாம். தலை திடீர் திடீரென்று தொடர்ச்சியாகக் குனிந்து கையும் விரிந்தால், அல்லது தெரிந்ததை மறந்துபோனால், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பதில் 2: செவித்திறன், பேச்சுப் பயிற்சியாளர்

கூப்பிட்டால் திரும்பாதபோது முதல் வேலை காது சோதனை. கைதட்டிப் பார்த்துக் "கேட்குது" என்று முடிவு கட்டக் கூடாது. சத்தமான ஒலி மட்டும் கேட்கும் குழந்தையும் கைதட்டலுக்குத் திரும்பும்.

பெரா சோதனைக்கு (தலையில் ஒட்டுகள் வைத்து, ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் எப்படிப் பதில் தருகின்றன என்று பார்ப்பது) குழந்தை தூங்க வேண்டும். பந்தலூர்ப் பிள்ளைகளுக்குச் சோதனை வீணாவது இங்கேதான்: வழியில் நடுவட்டம் தாண்டும் வரை பஸ்ஸில் அயர்ந்து தூங்கிவிட்டு, ஊட்டியில் கொட்டக் கொட்ட விழித்திருக்கும். முந்தின இரவு தாமதமாகத் தூங்க வைத்து, விடியலில் சீக்கிரம் எழுப்பி, வழியில் பேச்சுக் கொடுத்து விழிக்க வையுங்கள். சோதனைக்குச் சற்று முன்னால் பாலூட்டலாம். மயக்க மருந்து தருவதாக இருந்தால் எவ்வளவு நேரம் முன்பு சாப்பாட்டை நிறுத்துவது என்று மையத்திலேயே கேளுங்கள். தலையிலும் நெற்றியிலும் எண்ணெய் வேண்டாம், ஒட்டுகள் நிற்காது. மூக்கொழுகல், சளி இருந்தால் நடுக்காதில் நீர் கோத்து முடிவு தவறாக வரலாம். முதலில் அதற்கு மருந்து. காதுக் குரும்பியை நீங்களாக எடுக்க முயல வேண்டாம்.

வீட்டுக்கு: முகத்துக்கு நேரே இருந்து ஒரே சொல்லைச் சொல்லுங்கள்: "பால்", "தா", "வா". சொன்னபின் ஐந்து விநாடி காத்திருங்கள். அந்த இடைவெளியில்தான் குழந்தை முயலும். செல்போன் பேச்சுக் கற்றுத்தராது.

பதில் 3: உள்ளடங்கிய கல்வி சிறப்பாசிரியர், நீலகிரி

பையில் வைக்க வேண்டியவை: பரிந்துரைச் சீட்டு, பிறந்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டு, தாய் சேய் அட்டை, பிறப்புச் சான்று, குழந்தையின் ஆதார், போட்டோ. டிஸ்சார்ஜ் சீட்டைத்தான் பலர் வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள். பிறந்ததும் அழுதானா, மஞ்சள் காமாலைக்கு லைட் வைத்தார்களா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

முன்கூட்டியே போன் செய்து குழந்தை மருத்துவர், பிசியோ, காது மூன்றையும் ஒரே நாளில் கேளுங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின் ரத்தச் சோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுக்க முடிந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். கூட வருபவர் அம்மாவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பகலில் குழந்தையைப் பார்க்கும் பாட்டிதான் பயிற்சியைக் கற்க வேண்டும். பயிற்சியாளர் செய்து காட்டுவதை அவர் அனுமதியோடு போனில் பிடித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு வருகை, தினமும் வீட்டுப் பயிற்சி என்று கேட்டால் மறுக்க மாட்டார்கள். ஜூன், ஜூலையில் மரம் விழுந்து பாதை அடைபடும், அதற்கு முன் இரண்டு வருகையாவது முடித்துவிடுங்கள்.

இடையில் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தை அணுகுங்கள். பிறந்தது முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு அங்கே மருத்துவ முகாமும் பயிற்சியும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோ பற்றி உங்கள் சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள்.

சான்றிதழுக்கு அவசரம் இல்லை. பயிற்சிக்கு அது தேவையும் இல்லை. தாமதம் உறுதியானால் 5 வயதுக்குள் தற்காலிகச் சான்றுதான் தருவார்கள், 5 முடிந்ததும் மறுபடி சோதிப்பார்கள். உதவித்தொகை எல்லாம் அதற்குப் பிறகு பேசலாம்.

கேட்பவர்

நன்றி. பாட்டி வாக்கர் வாங்கித் தரச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில் 1

வேண்டாம். வட்ட வாக்கரில் உட்கார்ந்தபடி கால் நுனியால் உந்துவான், நிற்கப் பழக மாட்டான். லைன் வாசல் சரிவில் அது உருண்டால் ஆபத்து. மர நடைவண்டி வேறு விஷயம், ஆனால் தானே பிடித்து எழுந்து ஓரமாக அடியெடுத்த பிறகுதான். லேசாக இருந்தால் முன்னால் ஓடிவிடும். அடிக்கட்டையில் ஒரு செங்கல்லைக் கட்டி, சமதரையில் மட்டும் விடுங்கள்.