எடுத்து வைத்த குழந்தைத் துணிகளில் மஞ்சள் கறை: ப்ளீச் போடலாமா?

இரண்டாவது வரவு

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் வீட்டுக்கு இரண்டாவது குழந்தை வரப்போகிறது. பெரியவனின் கைக்குழந்தைத் துணிகளைத் துவைத்து, நன்றாகக் காயவைத்து, மடித்துப் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். உள்ளே வைக்கும்போது பளிச்சென்றுதான் இருந்தன. இப்போது திறந்தால், பாதிக்கு மேற்பட்ட துணிகளில் கழுத்தைச் சுற்றியும் மார்புப் பக்கமும் மஞ்சள் திட்டுகள். ஓரம் கொஞ்சம் அடர்த்தியாகவும் நடுவில் வெளிறியும் இருக்கிறது. விரலால் தடவினால் அந்த இடம் மட்டும் விறைப்பாகத் தெரிகிறது. மெஷினில் வழக்கமான லிக்விட் போட்டு ஒருமுறை ஓட்டிவிட்டேன், அசையவே இல்லை.

வேறு சில கறைகளும் உண்டு. வெள்ளைச் சட்டை ஒன்றில் இரும்புச்சத்து சொட்டு மருந்து வடிந்த பழுப்புக் கோடு. பெரியவன் இப்போது போடும் சட்டைகளில் வாழைப்பழக் கறுப்பும் மார்க்கர் கிறுக்கலும்.

வீட்டில் "ப்ளீச்சில் முக்கி எடு, எல்லாம் போய்விடும்" என்கிறார்கள். பச்சைக் குழந்தையின் தோலில் படும் துணி என்பதால் கேட்டுக்கொண்டு செய்யலாம் என்று இருக்கிறேன். பெரும்பாலானவை காட்டன், ஒரே ஒரு கம்பளி ஸ்வெட்டர். எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது?

கொடிக்கயிறு

முதலில் ஒன்று: கறை போகும்வரை அந்தத் துணிகளை அயர்ன் பண்ணாதீர்கள், டிரையரிலும் போடாதீர்கள். சூடு பட்டால் கறை துணியோடு ஒட்டிவிடும். ஈரத்தில் கறை கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம், அதனால் காற்றில் காயவிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சலவைக்கூடத்துக்காரன்

மருத்துவமனைத் துணிகளைத் துவைக்கும் இடத்தில் வேலை செய்கிறேன். எங்களுக்கு முதல் பாடமே கறையை அடையாளம் காண்பதுதான். நீங்கள் சொன்ன நான்கும் நான்கு விதம். ஒன்றுக்குச் செய்வது இன்னொன்றைக் கெடுக்கும். அதனால் எல்லாவற்றையும் ஒரே வாளியில் போட வேண்டாம்.

கழுத்தைச் சுற்றி இருப்பது குழந்தை கக்கிய பால்தான், சந்தேகமே இல்லை. பாலில் புரதமும் கொழுப்பும் இருக்கின்றன. சாதாரணத் துவைப்பில் பெரும்பகுதி போய்விடும். நூலுக்குள் ஒட்டியிருக்கும் மெல்லிய கொழுப்பு மட்டும் நிறமில்லாமல் தங்கிவிடும். பெட்டிக்குள் இருக்கும் மாதங்களில் அது காற்றோடு சேர்ந்து மெல்ல மஞ்சளாகிறது. அதனால்தான் வைக்கும்போது தெரியாமல் எடுக்கும்போது தெரிகிறது. தடவினால் விறைப்பு என்றீர்களே, அந்த மிச்சம்தான் அது.

இரண்டு படிகளாகச் செய்யுங்கள். முதலில் என்சைம். உங்கள் சலவைத்தூளின் அட்டையில் புரோட்டியேஸ், லைபேஸ் என்று இருக்கிறதா பாருங்கள். புரோட்டியேஸ் புரதத்தை அறுக்கும், லைபேஸ் கொழுப்பை அறுக்கும். இவற்றுக்கு வெதுவெதுப்பான தண்ணீரும் நேரமும் வேண்டும். 30 முதல் 40 டிகிரி போதும், குறைந்தது ஒரு மணி நேரம் ஊறட்டும். தூளைப் போட்டு உடனே மெஷினை ஓட்டினால் அவற்றுக்கு வேலை செய்ய அவகாசமே கிடைக்காது. கொதிக்கும் நீரை ஊற்றினால் என்சைமும் கெடும், மிச்சமிருக்கும் புரதமும் வெந்து நூலில் இறுகும். புதுப் பால் கறை, மலக் கறை, ரத்தக் கறை எல்லாவற்றுக்கும் முதல் அலசல் பச்சைத் தண்ணீரில்தான்.

இரண்டாவது, ஆக்சிஜன் ப்ளீச். அதாவது சோடியம் பெர்கார்பனேட் தூள். தண்ணீரில் கரைந்ததும் இது ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சலவைச் சோடாவாகவும் பிரியும். மஞ்சள் நிறத்தை எடுப்பது பெராக்சைடு. குளிர்ந்த நீரில் இது மந்தம், 40 டிகிரிக்கு மேல்தான் சுறுசுறுப்பாகும். 4 லிட்டர் தண்ணீருக்கு ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி, அட்டையில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஆறு மணி நேரம் ஊறட்டும். அதன்பிறகு கரைசலில் வலு இருக்காது, கறை பாக்கியிருந்தால் புதிதாகக் கலக்குங்கள். கலக்கிய கரைசலை மூடிய பாட்டிலில் எடுத்து வைக்காதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கக்கூடும். லிக்விட்களில் பெரும்பாலும் இந்தச் சரக்கு இருக்காது, திரவத்தில் அது நிலைத்து நிற்காது. உங்கள் துணி அசையாததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

சாதாரண ப்ளீச், அதாவது குளோரின் ப்ளீச், வேண்டாம். எலாஸ்டிக் உள்ள துணிகளை அது மஞ்சளாக்கிவிடும், பூப்போட்ட துணிகளின் சாயத்தை வெளுத்துவிடும். அதைவிட முக்கியம், மூத்திரம் ஊறிய துணியில் அம்மோனியா இருக்கும். அதில் ப்ளீச் பட்டால் குளோரமின் என்ற நச்சு வாயு கிளம்பும். குழந்தை இருக்கும் வீட்டுக் குளியலறையில் அந்தப் பரிசோதனை தேவையே இல்லை.

இப்போது இரும்புக் கறை. இதைக் கவனமாகப் படியுங்கள். குளோரின் ப்ளீச் போட்டால் கறை துருவாக மாறி நிலைத்துவிடும். மேலே நான் சொன்ன ஆக்சிஜன் ப்ளீச்சும் முதலில் கூடாது. கறையில் உள்ள இரும்பு, பெராக்சைடை அந்த இடத்தில் தாறுமாறாகச் சிதைக்கும், கூடவே நூலும் அரிபடும். கறை இருந்த கோட்டில் ஊசித் துளைகள் விழுந்த துணிகளை எங்கள் கூடத்தில் பார்த்திருக்கிறேன். இரும்புக்கு அமிலம்தான் மருந்து. ஒரு கோப்பை வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி சிட்ரிக் அமிலத்தைக் கரைத்துக் கறைமேல் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். எலுமிச்சைச் சாறும் அதே வேலையைச் செய்யும், கொஞ்சம் மெதுவாக. பழுப்பு கரைந்ததும் நிறைய தண்ணீரில் அலசுங்கள். அமிலம் முழுதும் போன பிறகு மற்ற துணிகளோடு சேர்க்கலாம்.

சுத்தமே சுகம்

வினிகரையும் சமையல் சோடாவையும் சேர்த்துப் பொங்கவிட்டுத் தேய்த்தால் எந்தக் கறையும் போகுமே? இயற்கையான முறை, குழந்தைக்கும் நல்லது.

சலவைக்கூடத்துக்காரன்

தனித்தனியாக இரண்டும் பயன்படும். சேர்த்தால் ஒன்றை ஒன்று தீர்த்துவிடும். பொங்குவது கார்பன் டை ஆக்சைடு, மிஞ்சுவது உப்பு கலந்த தண்ணீர். கறை கொஞ்சம் போனால் அது உங்கள் கையின் தேய்ப்பால்தான். வினிகரைக் குளோரின் ப்ளீச்சோடு மட்டும் எந்தக் காலத்திலும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும்.

பச்சிளம் பிரிவு செவிலி

மேலே சொன்னதோடு வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தையின் மலத்தில் இருக்கும் மஞ்சளில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமிக்குப் பங்கு உண்டு, அது வெளிச்சத்தில் சிதையும். மஞ்சள்காமாலை உள்ள பச்சிளம் குழந்தைகளை நீல விளக்கின் கீழ் படுக்கவைப்பதும் இதனால்தான். இங்கிலாந்தில் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் ஒரு செவிலி, வெயில் பட்ட இடத்தில் குழந்தையின் தோல் மஞ்சள் வெளிறியிருப்பதைக் கவனித்தார். அதைத் தொடர்ந்த ஆய்வு 1958இல் வெளியானது. கொடியிலும் நடப்பது அதேதான். என்சைமில் துவைத்த பிறகு, ஈரத்தோடு கறைப்பக்கம் மேலே இருக்கும்படி நேரடி வெயிலில் போடுங்கள். கேரட் கறையின் ஆரஞ்சும் இப்படியே மங்கும். கேரட் நிறம் கொழுப்பில் கரைவது, அதனால் பாத்திரம் தேய்க்கும் லிக்விடை முதலில் தடவிக்கொள்ளுங்கள்.

துணியை விட முக்கியமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊறவைக்கும் வாளி. உங்கள் பெரியவன் நடமாடும் வயது. வாளிக்குள் தலைகுப்புற விழுந்தால் சின்னக் குழந்தைகளால் தானாக எழ முடியாது, சில அங்குலத் தண்ணீரே போதும் மூழ்குவதற்கு. ஊறும் வாளி பூட்டிய கதவுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். "ரெண்டு நிமிஷம்தானே" என்று விடவே விடாதீர்கள். தூள் டப்பாவும் அவனுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

கொடிக்கயிறு

வாழைப்பழம், மார்க்கர் இரண்டையும் யாரும் தொடவில்லையே. வாழைப்பழம் பட்டதும் கறையே தெரியாது. காற்றுப் பட்டுப் பட்டுத்தான் கறுக்கும், நறுக்கிய பழம் கறுப்பது போல. அதனால் தெரியாவிட்டாலும் அன்றைக்கே அலசிவிடுவது நல்லது. ஏற்கெனவே கறுத்ததற்கு ஆக்சிஜன் ப்ளீச் ஊறல்தான், இரண்டு மூன்று தடவை பிடிக்கலாம். மார்க்கர் நீரில் கரையும் வகை என்றால் பச்சைத் தண்ணீரும் சோப்பும் போதும். அழியாத மார்க்கர் என்றால் அடியில் ஒரு வெள்ளைத் துணியை வைத்து, பின்பக்கத்திலிருந்து ஸ்பிரிட் ஒற்றுங்கள். மை கீழே உள்ள துணிக்கு இறங்கும், அதை மாற்றிக்கொண்டே இருங்கள். தேய்த்தால் பரவும். அடுப்புப் பக்கம் வைத்துச் செய்யாதீர்கள்.

இரண்டாவது வரவு

எல்லோருக்கும் நன்றி. செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். பால் கறை அநேகமாக எல்லாத் துணியிலும் போய்விட்டது. என்சைம் ஊறலிலேயே அந்த விறைப்பு போனது, மஞ்சள் பெர்கார்பனேட்டில் போனது. இரண்டு துணியில் மட்டும் லேசாக நிழல் தெரிந்தது, வெயிலில் அதுவும் மங்கிவருகிறது. இரும்புக் கோடு சிட்ரிக் அமிலத்தில் கண்முன்னே கரைந்தது, துணியில் ஓட்டை எதுவும் இல்லை. குளியலறைக் கதவுக்கு வெளியே மேல் தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது.

பாக்கி இருப்பது கம்பளி ஸ்வெட்டர். அதிலும் கழுத்தில் பால் மஞ்சள். இதே முறை சரிப்படுமா?

சலவைக்கூடத்துக்காரன்

படாது, நல்லவேளை கேட்டீர்கள். கம்பளியே புரதம், புரோட்டியேஸ் கறையோடு சேர்த்து நூலையும் தின்னும். பெர்கார்பனேட்டின் காரமும் அதற்கு ஆகாது. கம்பளிக்கென்று விற்கும் என்சைம் இல்லாத லிக்விடில், பச்சைத் தண்ணீரில், அமுக்கி அமுக்கி எடுங்கள். நிறம் தங்கினால் மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை உள்தையலில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். ஸ்வெட்டரின் சாயம் மாறவில்லை என்றால் கறைமேல் பஞ்சால் ஒற்றி, சில நிமிடம் கழித்து அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, சமதளத்தில் விரித்துக் காயவிடுங்கள்.

மற்ற துணிகளைக் குழந்தைக்குப் போடுமுன் வாசனையில்லாத சோப்பில் ஒருமுறை துவைத்து, கூடுதலாக ஒரு அலசலும் கொடுங்கள்.