தீம் பார்க் ஆர்வம் எந்த இடத்தில் வெறியாகிறது? எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

சுழல்தடம் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. ரோலர் கோஸ்டர் ரசிகர் குழு ஒன்றில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டிக் குறிப்பு எழுத வேண்டியிருக்கிறது. "ஆர்வம் இருக்கட்டும், வெறி வேண்டாம்" என்று ஒரு வரி போட்டு முடித்துவிடலாம். ஆனால் அதைப் படித்து யாரும் எதையும் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. ஒருவர் ஒரே பூங்காவுக்கு வருஷத்தில் அறுபது முறை போகிறார். இன்னொருவர் ஏறிய கோஸ்டர்களை நூற்றுக்கணக்கில் கணக்கு வைத்திருக்கிறார். வேறொருவர் சட்டையில் குத்திக்கொள்ளும் டிஸ்னி பின்களை (pin) சேகரிக்கிறார். இவர்களில் யாரைப் பார்த்து "கொஞ்சம் நிதானியுங்கள்" என்று சொல்வது? எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வைக்கலாமா? பணம், உடம்பு, கூட வருகிறவர்கள் என்று பார்த்தால் முதலில் எந்த அறிகுறி தென்படும்? பூங்கா ஊழியர்களுக்குத் தொல்லையாகும் இடம் எது? குறிப்பில் அப்படியே எடுத்துப் போடுகிற மாதிரி, நடைமுறையாகச் சொல்லுங்கள்.

மரத்தடம்

எண்ணிக்கையை வரம்பாக வைக்க வேண்டாம். "அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பதை எல்லோரும் இங்கே கொண்டுவருவார்கள், ஆனால் இந்த விஷயத்தில் அளவு தப்பான அளவுகோல். டிஸ்னிலாந்துக்கு 2012 ஜனவரி 1 முதல் 2020 மார்ச் 13 வரை ஒரு நாள்கூட விடாமல் 2,995 நாள் போனவர் கின்னஸில் இருக்கிறார். மறுநாள் பெருந்தொற்றுக்காகப் பூங்காவை மூடினார்கள், அந்தத் தொடரும் அங்கேயே நின்றது. எண்ணை மட்டும் பார்த்தால் இதை மிஞ்சிய வெறி கிடையாது. ஆனால் வருஷத்துக்கு இரண்டே முறை போகிறவர், ஒரு ரைடு மூடியிருப்பதற்காக வாசலில் நிற்கும் ஊழியரிடம் கத்தி, கூட வந்த பிள்ளைகளின் நாளையும் கெடுத்தால், நான் அவரைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுவேன்.

உளவியலில் இதற்கு நல்ல அடிப்படை இருக்கிறது. கனடாவின் ராபர்ட் வாலெராண்டும் அவர் குழுவும் 2003இல் ஆர்வத்தை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று, வாழ்க்கையின் மற்ற வேலைகளோடு ஒத்துப்போகிற ஆர்வம். மற்றது, ஆளையே ஆட்டிவைக்கிற ஆர்வம். முதல் வகையில் எப்போது நிறுத்துவது என்பது நம் கையில் இருக்கும், இரண்டாவதில் இருக்காது. சைக்கிள் ஓட்டுகிறவர்களை வைத்து அவர்கள் செய்த ஆய்வில், சாலையெல்லாம் பனியும் ஐஸுமாகக் கிடக்கும் குளிர்காலத்திலும் நிறுத்தாமல் ஓட்டியவர்களிடம் இரண்டாவது வகைதான் தூக்கலாக இருந்தது. விழுந்தால் எலும்பு முறியும் என்று தெரிந்தும் விட முடியவில்லை. தீம் பார்க்குக்கும் இதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்: போகாமல் இருக்க முடிகிறதா?

சோதித்துப் பார்க்க எளிய வழி, மூடிய ரைடு. மின்னல், பலத்த காற்று, ஒரு சென்சார் கோளாறு, வருடாந்திரப் பராமரிப்பு என்று எந்த நாளிலும் எந்த ரைடும் நிற்கலாம். பயணத்துக்கு முன்பே "முக்கியமான அந்த ஒன்று மூடியிருந்தால் என்ன செய்வேன்" என்று ஒரு வரி எழுதி வைக்கச் சொல்லுங்கள். "வேறு நாலு ரைடு ஏறிவிட்டு, சாப்பிட்டுவிட்டு வருவேன்" என்று எழுத முடிந்தால் பிரச்சினை இல்லை. நியூ ஜெர்சியில் இருந்த கிங்டா கா இதற்குக் கடுமையான உதாரணம். 2005இல் திறந்த 456 அடி உயரக் கோஸ்டர் அது. கடைசியாக ஓடியது 2024 நவம்பர் 10இல், இனி ஓடாது என்ற அறிவிப்பு வந்தது 14இல். 2025 பிப்ரவரியில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். விடைபெறக்கூட யாருக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. ரசிகர்கள் வருத்தப்பட்டதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்தப் பதற்றத்தில், இன்னும் மூடப் போகாத கோஸ்டர்களுக்கெல்லாம் கடன் அட்டையைத் தேய்த்து டிக்கெட் போட ஆரம்பித்தால் அது அறிகுறி.

கோஸ்டர் எண்ணிக்கை பற்றி. எண்ணுவது தானாகக் கெட்ட பழக்கம் இல்லை, ஆனால் விதியை முதலிலேயே எழுதி வைத்துவிட வேண்டும். அமெரிக்காவின் சீடர் பாயின்ட் பூங்காவிலுள்ள ஜெமினி ஒரே மரக் கட்டமைப்பில் இரண்டு தனித் தடங்கள், 1978இலிருந்து ஓடுகிறது. இரண்டிலும் ஏறினால் ஒன்றா, இரண்டா? இங்கிலாந்தின் பிளாக்பூல் பூங்காவிலுள்ள கிராண்ட் நேஷனல் பார்ப்பதற்கு இரட்டைத் தடம்தான். ஆனால் இந்தப் பக்கம் ஏறினால் அந்தப் பக்கம் இறங்குவோம், ஏனென்றால் உண்மையில் அது ஒரே நீளத் தடம். 1991இல் வந்த மீன் ஸ்ட்ரீக் என்ற மரக் கோஸ்டரின் கட்டமைப்பை வைத்து எஃகுத் தடம் போட்டு 2018இல் ஸ்டீல் வெஞ்சன்ஸ் ஆக்கினார்கள். அது பழையதா, புதியதா? என் கணக்கில் ஜெமினி இரண்டு, கிராண்ட் நேஷனல் ஒன்று, ஸ்டீல் வெஞ்சன்ஸ் புதியது. வேறு மாதிரி எண்ணினாலும் தப்பில்லை. எண்ணைக் கூட்டிக் காட்டுவதற்காக விதியைப் பாதியில் மாற்றத் தொடங்கினால், ரசனை போய்விட்டது, எண் மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று பொருள்.

குழந்தைகள் கோஸ்டர் விஷயத்தைக் கட்டாயம் எழுதுங்கள். பல பூங்காக்களில் குழந்தை இல்லாமல் பெரியவர்களைத் தனியாக ஏற்ற மாட்டார்கள். ஒரு எண்ணுக்காக, தெரியாத யாரிடமோ போய் "உங்கள் பிள்ளையைத் துணைக்கு அனுப்புகிறீர்களா" என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு விளக்கமே தேவையில்லை, ஒரே வரியில் கூடாது என்று போடுங்கள்.

உடம்பு: 2007இல் பிளாக்பூலில் ஒருவர் 405 மணி நேரத்துக்கு மேல் கோஸ்டரிலேயே இருந்து சாதனை செய்தார், கிட்டத்தட்ட 17 நாள். அது மணிக்கு ஐந்து நிமிட ஓய்வு விதியோடு, திட்டமிட்டு, கண்காணிப்போடு நடந்தது. சாதாரண ரசிகர் அதைப் பார்த்துக் கற்க வேண்டியது ஓய்வுக் கணக்கைத்தான். கடும் விசை தரும் ரைடில் ஏறி இறங்கியதும் கண் இருட்டினால், தலை கனத்தால், கழுத்து பிடித்தால் அன்றைக்கு அந்த ரைடு முடிந்தது. தண்ணீர் குடித்து அரை மணி நேரம் உட்காருங்கள். தலைவலியோ தலைசுற்றலோ மறுநாளும் இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும், வரிசைக்கு இல்லை.

பின்பெட்டி

பணப் பக்கத்தை நான் சொல்கிறேன். செலவை ஐந்து கட்டமாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்: நுழைவு, பயணமும் தங்குவதும், சாப்பாடு, வாங்கிய பொருள், ஐந்தாவதாக வீட்டில் சொல்லாத செலவு. முதல் நான்கும் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வருமானத்துக்குள் இருந்தால் அது அவரவர் விருப்பம். ஐந்தாவதில் ஒரு எண் விழுந்தாலே பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஆண்டு பாஸில் எல்லோரும் ஒரே இடத்தில் வழுக்குகிறார்கள். பாஸ் விலை ஒரு நாள் டிக்கெட்டைப் போல் ஐந்து மடங்கு என்றால் ஆறாவது முறையிலிருந்து லாபம் என்று கணக்குப் போடுவார்கள். ஆனால் பார்க்கிங், பெட்ரோல், சாப்பாடு ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் போகிறது. அதனால் "பாஸ் காசை எடுக்க வேண்டும்" என்று மனமில்லாத நாளில் கிளம்பினால் நஷ்டம் கூடுகிறது. பாஸுக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான். இன்று அந்த பாஸ் இலவசமாகக் கையில் கிடைத்திருந்தால் போவேனா? இல்லை என்று பதில் வந்தால் வீட்டில் இருங்கள்.

பின் சேகரிப்பு டிஸ்னி வேர்ல்டில் 1999இல் புத்தாயிரம் கொண்டாட்டத்தோடு பெரிதாகத் தொடங்கியது. மாற்றிக்கொள்வதுதான் அதன் உயிர். பின்கள் குத்தியிருக்கும் ஊழியர் கழுத்துப் பட்டையைத் தொடாமல், விரும்பும் பின்னைக் காட்டி, ஒன்றுக்கு ஒன்று கேட்க வேண்டும். பணம் கொடுத்து வாங்கும் பேச்சே அங்கே இல்லை. எண் குறித்த வரையறுக்கப்பட்ட பதிப்பு வந்தபின் சிலருக்கு மாற்றுவதில் இருந்த சந்தோஷம் போய், விடுபட்ட ஒன்றைப் பற்றிய தவிப்பு மட்டும் மிச்சமாகிறது. அந்தத் தவிப்பில் இருப்பவர்தான் போலியில் மாட்டுவார். கிலோ கணக்கில் மலிவாக வரும் மொத்தப் பை என்றால் பெரும்பாலும் போலி. பின்னைத் திருப்பிப் பாருங்கள். மிக்கி தலைச் சின்னம் ஒளிந்திருக்கும் ஹிட்டன் மிக்கி வகையில், முதுகில் அச்சான மிக்கி தலைக் கோலம் பொதுவாக விளிம்புவரை ஓடும். கோலம் நடுவில் நின்று சுற்றிலும் வெறும் உலோகக் கரை தெரிந்தால் சந்தேகப்படுங்கள். குத்தும் முள்ளின் அடியில் இரு பக்கமும் சிறு புடைப்புகள் இருக்க வேண்டும். முன்பக்கத்தில் எனாமல் குழிந்து, நிறம் கோட்டைத் தாண்டி வழிந்திருந்தால் கீழே வையுங்கள். போலி என்று தெரிந்தும் அதை ஊழியரின் பட்டையில் தள்ளிவிடுவது அடுத்து வரும் ஒரு குழந்தையை ஏமாற்றுகிற வேலை. இதையும் உங்கள் குறிப்பில் சேருங்கள்.

2022 ஜனவரியில் டிஸ்னி வேர்ல்டின் எப்காட் பூங்காவில் ஃபிக்மென்ட் என்ற டிராகன் வடிவப் பாப்கார்ன் வாளிக்காக மணிக்கணக்கில் நின்றார்கள். அன்றே மறுவிற்பனைத் தளங்களில் பல மடங்கு விலை. இந்த மாதிரி நேரத்துக்கு ஒரே மருந்து தாமதம். முதல் வார விலையில் வாங்காதீர்கள். மறுவிற்பனைத் தளங்களின் அறிவிப்பு மணியை ஃபோனில் அணைத்து வையுங்கள். பூங்காவுக்குப் போகாத நாட்களில் காத்திருப்பு நேரம் காட்டும் ஆப்பையும்.

இயக்கமேடை

ஊழியர்களுக்குத் தொல்லையாகும் இடம் எது என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் கேமராவில்தான் தொடங்குகிறது.

ஓடும் ரைடில் ஃபோனை எடுத்தால் என்ன நடக்கிறது என்று பலருக்குத் தெரியாது. ஏற்றத்தில் ஒருவர் கையில் ஃபோன் தெரிந்தால் இயக்குபவர் ரயிலை மேலே இழுக்கும் சங்கிலியை நிறுத்திவிடலாம். தடத்தைப் பிளாக் என்ற பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள், ஒரு பிளாக்கில் ஒரு ரயில்தான் இருக்க முடியும். முன்னால் நின்றால் பின்னால் வருவதும் பிரேக்கில் நிற்கும், மேடையில் உள்ளது கிளம்பாது. ஒருவரின் பத்து விநாடி வீடியோவுக்கு முழு வரிசையும் நிமிடக்கணக்கில் காத்திருக்கிறது. கை நழுவினால் இன்னும் மோசம். ஸ்டீல் வெஞ்சன்ஸ் மணிக்கு சுமார் 119 கிலோமீட்டர் போகிறது. அந்த வேகத்தில் பின்வரிசை முகத்தில் படும் ஃபோன் கல்லுக்குச் சமம். 2019இல் அந்தக் கோஸ்டரின் வரிசைக்குள்ளேயே ஃபோன் கூடாது என்று தடை போட்டது சும்மா இல்லை.

விழுந்த பொருளை எடுக்க வேலி தாண்டுவது உயிரை எடுக்கும். 2015இல் சீடர் பாயின்டின் ராப்டர் கோஸ்டருக்குக் கீழே தவறவிட்ட பொருளைத் தேடி வேலிக்குள் போனவர் ரயில் மோதி இறந்தார். ராப்டர் தலைகீழ் வகை. தடம் மேலே, இருக்கை கீழே, பயணிகளின் கால்கள் தொங்கிக்கொண்டு வரும். கீழே நிற்பவருக்குத் தடம் உயரத்தில் இருப்பதாகத்தான் கண்ணுக்குத் தெரியும். ரயில் வரும்போது தலைக்கு மேல் இடமே இருக்காது. பொருள் விழுந்தால் ஊழியரிடம் சொல்லுங்கள், ரைடு நின்ற பிறகு அவர்கள் எடுத்துத் தருவார்கள்.

மூடிய அரங்குகளுக்குள் நுழைந்து படம் எடுப்பதைச் சிலர் "ஆவணப்படுத்துதல்" என்கிறார்கள். வெளிப்பாதையிலிருந்து எடுத்தால், பழைய வரைபடங்களையும் படங்களையும் சேகரித்தால், அது ஆவணம். கதவைத் தாண்டினால் அத்துமீறல். எப்காட்டில் மூடிக்கிடந்த அரங்கிலிருந்த பஸ்ஸி என்ற அசையும் பொம்மையின் உடைகள் 2018இல் திருடு போயின, அடுத்த வருஷம் முன்னாள் ஊழியர் ஒருவர் கைதானார். திருட்டுப் பொருளைக் காசு கொடுத்து வாங்கத் தயாராக ரசிகர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் இதற்கெல்லாம் காரணம். வாங்குகிறவரும் இதில் பங்காளி.

சுழல்தடம்

மிக்க நன்றி. ஒன்று மட்டும் பாக்கி. பிடித்த ரைடை மூடப் போகிறார்கள் என்றால் ரசிகர்கள் எதிர்ப்புக் காட்டுவதை எப்படிப் பார்க்க வேண்டும்? அதுவும் வெறியா?

மரத்தடம்

இல்லை. அது ஆர்வத்தின் நல்ல பக்கம், செய்கிற முறைதான் முக்கியம். டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டம் பூங்காவில் மிஸ்டர் டோட் என்ற தேரைக் கதாபாத்திரத்தின் ரைடை மூடுவதாகப் பேச்சு வந்தபோது 1997-98இல் ரசிகர்கள் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு பூங்காவுக்குள் கூடினார்கள், நிர்வாகத்துக்கு அட்டைகள் அனுப்பினார்கள். எதிர்ப்பு அமைதியாகவே நடந்தது. ரைடு 1998 செப்டம்பரில் மூடப்பட்டது. அடுத்த வருஷம் அதே இடத்தில் வின்னி த பூ ரைடு வந்தது. அதற்குள் ஒரு சுவரில், டோட் தன் வீட்டுப் பத்திரத்தை ஆந்தையிடம் கொடுக்கும் படம் மாட்டியிருக்கிறார்கள். தோற்ற ரசிகர்களும் உள்ளே போய் அதைத் தேடிப் பார்க்கிறார்கள், புது ரைடிலும் ஏறுகிறார்கள்.

2023 ஜனவரியில் அதே பூங்காவில் ஸ்பிளாஷ் மவுன்டன் மூடியபோது, அந்த ரைடுத் தண்ணீர் என்று சொல்லி ஜாடியில் அடைத்து ஈபேயில் ஏலம் விட்டார்கள். விற்றவர்களைவிட, அதை வாங்க நினைத்தவர்களிடம்தான் உங்கள் குறிப்பு போய்ச் சேர வேண்டும். மூடும் நாளுக்கு என்ன செய்யலாம் என்று ஒரு பத்தி தனியாக எழுதுங்கள்: ஒரு சுற்று ஏறுங்கள், இசையையும் வெளிப்புறத்தையும் பதிவு செய்யுங்கள், இயக்கும் ஊழியர்களுக்கு நன்றி சொல்லுங்கள். அரங்க அமைப்பிலிருந்து ஒரு செடி, ஒரு பலகைத் துண்டு கூடக் கழற்றாதீர்கள். பூங்கா மூடும் நேரத்துக்கு வெளியே வந்துவிடுங்கள், ஏனென்றால் கடைசி ரயிலை இறக்கிவிட்டு அந்த ஊழியர்களும் வீட்டுக்குப் போக வேண்டும்.